அம்மாவின் கண்ணுக்கு எந்த லென்ஸ் நல்லது?

உப்புவெளியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கும் கேள்வி இது. அம்மாவுக்கு 63 வயது. சீனி வருத்தம் இருக்கிறது. வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறார். இரண்டு கண்ணிலும் புரை, வலக்கண் மோசம். திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் வலக்கண்ணுக்கு ஒபரேஷன் செய்து சாதாரண லென்ஸ் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் விசாரித்தபோது, கண்ணாடியே தேவைப்படாத மல்டிபோக்கல் லென்ஸ் இருக்கிறது, விலை பல மடங்கு என்றார்களாம். கனடாவில் இருக்கும் மாமா, "காசைப் பாக்காதேங்கோ, உள்ளதுக்குள்ள நல்ல லென்ஸாப் போடுங்கோ" என்கிறார். அரசாங்க ஆஸ்பத்திரி லென்ஸ் தரம் குறைந்ததா, விலை கூடியது அம்மாவுக்குப் பொருந்துமா, வைத்த லென்ஸ் எத்தனை வருடம் உழைக்கும் என்பவை மகளின் சந்தேகங்கள்.

தங்கச்சி, நான் ஒபரேஷன் செய்கிறவன் இல்லை. ஒபரேஷனுக்கு முன் கண்ணை அளந்து கொடுப்பதுதான் என் வேலை. ஆகவே அளவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன விபரத்தை வைத்துப் பார்த்தால் அம்மாவுக்கு மல்டிபோக்கல் வேண்டாம். ஒரே தூரத்துக்குக் குவியும் சாதாரண லென்ஸ் போதும். அந்த லென்ஸின் பவரைச் சரியாகக் கணிப்பதும், அதற்கு முன் கண்ணின் பின்பக்கத்தில் ஒளியை வாங்கும் விழித்திரையைப் பார்த்துவிடுவதும்தான் பெரிய விஷயம். கடைசி முடிவு அம்மாவைப் பரிசோதிக்கும் டொக்டருடையது. அவரிடம் என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்துகொள்ள இந்தப் பதில் உதவும்.

கண்ணுக்குள் இயற்கையாகவே ஒரு லென்ஸ் இருக்கிறது. அது மங்கிப்போவதுதான் புரை. நுங்கின் சதையை விரலால் தோண்டி எடுத்துவிட்டுக் கோதை அப்படியே விடுகிறோமே, அதைப்போல மெல்லிய பையை விட்டுவிட்டு உள்ளிருக்கும் மங்கிய பகுதியை மட்டும் எடுப்பார்கள். அந்தப் பைக்குள்தான் செயற்கை லென்ஸ் போகிறது. பார்வைக்குரிய வட்டம் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர். இரண்டு பக்கமும் வளைந்த கால்கள் இருக்கும், அவற்றோடு சேர்த்தால் 12 அல்லது 13 மில்லிமீற்றர். அந்தக் கால்கள் பையை உள்ளிருந்து அணைத்துப் பிடித்துக்கொள்ளும்.

இடையில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன், கிளினிக்கில் அடிக்கடி கேட்பது: "இது செத்தவருடைய கண்ணிலிருந்து எடுத்ததோ?" இல்லை. தானமாகக் கிடைக்கும் கண்ணில் பயன்படுவது கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தெளிவான படலம். 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண்தானச் சங்கம் உலக நாடுகளுக்கு அனுப்பிவருவதும் அதைத்தான். புரைக்கு வைக்கும் லென்ஸ் தொழிற்சாலையில் செய்த பிளாஸ்டிக்.

அந்தப் பிளாஸ்டிக்கின் கதையைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியப் போர் விமானங்களின் விமானி கூண்டு பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கால் ஆனது. 1940 ஆகஸ்டில் ஹரிக்கேன் விமானத்தில் பறந்த கோர்டன் கிளீவர் என்ற விமானியின் கூண்டு சுடப்பட்டு நொறுங்கி, துண்டுகள் அவருடைய கண்களுக்குள் போயின. இப்படிக் காயப்பட்டவர்களைப் பார்த்துவந்த இலண்டன் கண் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி ஒன்றைக் கவனித்தார். வேறு பொருட்கள் உள்ளே போனால் கண் சிவந்து வீங்கிக் கெட்டுப்போகும். பெர்ஸ்பெக்ஸ் துண்டோ உள்ளே கிடந்தாலும் கண் சும்மா இருந்தது. அப்படியானால் இதிலேயே லென்ஸ் செய்தால் என்ன என்று யோசித்தார். ஹரிக்கேன் நம் ஊருக்கும் அந்நியமில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியர் திருகோணமலையில் குண்டு போட்டபோது சீனக்குடாவிலிருந்து எழும்பிப் போனவையும் அதே ரக விமானங்கள்தான். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றிக் கதைக்கும்போது பெரியவர்கள் சொல்லும் யுத்தமும் அம்மாவின் லென்ஸும் ஒரே பிளாஸ்டிக்கில் வந்து சேர்கின்றன.

1949 நவம்பர் 29ஆம் திகதி இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் ரிட்லி ஒரு பெண்ணுக்கு முதல் லென்ஸை வைத்தார். இனிச் சொல்லப்போவதுதான் எங்கள் விஷயத்துக்கு வேண்டியது. லென்ஸின் பொருள் நன்றாகவே இருந்தது, கண் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் பவர் தவறிவிட்டது. இயற்கை லென்ஸின் வளைவை அப்படியே பெர்ஸ்பெக்ஸில் செய்தார்கள். பெர்ஸ்பெக்ஸ் ஒளியை இன்னும் கூடுதலாக வளைக்கும் பொருள் என்பதால், அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு டயொப்டர் (லென்ஸின் பவரை அளக்கும் அலகு) அளவுக்குக் கிட்டப்பார்வை வந்து சேர்ந்தது. உலகத்தின் முதல் செயற்கை லென்ஸ் தோற்றது தரத்தில் இல்லை, அளவில். எழுபது வருடங்களுக்கு மேலாகியும், "எந்தக் கொம்பனி லென்ஸ்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். "அளவு எப்படி எடுத்தீர்கள்?" என்று கேட்பவர் அபூர்வம்.

அதனால் அளவுக்கு வருவோம். சராசரிக் கண்ணின் நீளம் முன்னிருந்து பின்னுக்கு 23.5 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். கருவிழியின் வளைவு தரும் பவர் 43, 44 டயொப்டர். இந்த இரண்டையும் அளந்தால் உள்ளே வைக்கவேண்டிய பவரைக் கணக்கிடலாம். 1980களில் பரவலாக இருந்த பழைய கணக்கு எளிது: லென்ஸுக்கென்று ஒரு மாறிலி, அதிலிருந்து கண் நீளத்தின் 2.5 மடங்கையும் கருவிழிப் பவரின் 0.9 மடங்கையும் கழிக்கவேண்டும். மாறிலி 118.4, நீளம் 23.5, கருவிழி 44 என்றால் விடை 20 டயொப்டர். நீளத்தை 22.5 என்று ஒரேயொரு மில்லிமீற்றர் தவறாக எடுத்துவிட்டால் விடை 22.5 ஆகிவிடும். ஒரு மில்லிமீற்றர் பிழைக்கு இரண்டரை டயொப்டர்! இப்போது இதைவிட நுட்பமான கணக்குகள் வந்துவிட்டன. ஆனால் நீளத்தைத் தவறாகக் கொடுத்தால் எந்தக் கணக்கும் சரியான விடை தராது.

நீளத்தை அளக்க இரண்டு வழி உண்டு. ஒன்று ஒலி அலை: கண்ணை மரக்கச் செய்து சிறிய பென்சில் போன்ற ஒன்றைக் கருவிழியில் தொட்டு எடுப்பது. அளப்பவர் கொஞ்சம் அழுத்தினாலும் கண் அமுங்கிக் குறைந்த நீளம் காட்டும். கணக்கில் பவர் கூடிவிடும், ஒபரேஷனுக்குப் பின் தூரம் மங்கும். மற்றது ஒளியால் தொடாமலே அளப்பது. இதில் அழுத்தும் பிரச்சினை இல்லை, பொதுவாகத் துல்லியமும் கூட. ஆனால் புரை மிகவும் முற்றிவிட்டால் ஒளி உள்ளே போகாது, மீண்டும் ஒலி அலைக்குத்தான் போகவேண்டும். "புரை நல்லா முத்தட்டும், பிறகு செய்வம்" என்று வீட்டில் யாராவது சொன்னால், அது பழைய காலத்துக் கதை என்று சொல்லுங்கள். முற்றினால் அளவும் கஷ்டம், ஒபரேஷனும் கஷ்டம், விழித்திரையைப் பார்ப்பதும் கஷ்டம்.

இரண்டு கண்ணையும் அளந்தார்களா என்று பாருங்கள். ஒபரேஷன் ஒரு கண்ணுக்குத்தான் என்றாலும், ஒரே ஆளின் இரண்டு கண்ணும் பெரும்பாலும் ஏறத்தாழ ஒரே நீளம். பெரிய வித்தியாசம் வந்தால் திரும்ப அளப்பது வழக்கம். அப்படித் திரும்ப அளக்கக் கூப்பிட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது, எந்தத் தூரத்துக்கு லென்ஸ் குவியவேண்டும் என்பது. நேரம் எடுத்துக் கதைக்கவேண்டிய இடம் இதுதான், ஆனால் கிளினிக்கின் சனக் கூட்டத்தில் பெரும்பாலும் யாரும் கதைப்பதில்லை. வழக்கமாக எல்லோருக்கும் தூரத்துக்கு வைப்பார்கள்: பஸ் நம்பர், முகம், கோயில் கோபுரம் கண்ணாடி இல்லாமல் தெரியும், வாசிக்கவும் ஊசி கோர்க்கவும் கண்ணாடி வேண்டும். பலருக்கு இது சரி. ஆனால் உங்கள் அம்மா பகல் முழுதும் தையல் மெசினுக்கு முன் இருப்பவர். சின்ன வயதிலிருந்தே கிட்டப்பார்வை உள்ளவரா? கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஊசி கோர்க்கும் பழக்கம் இருக்கிறதா? அப்படியானால் வேண்டுமென்றே இரண்டு, இரண்டரை டயொப்டர் கிட்டப்பார்வை மிஞ்சும்படி லென்ஸ் வைக்கலாம். கிட்ட வேலை கண்ணாடி இல்லாமல் நடக்கும், வெளியே போகும்போது தூரக் கண்ணாடி போடுவார். இதற்குச் சதம் காசு கூடுதலாகத் தேவையில்லை. அதே லென்ஸ், வேறு பவர், அவ்வளவுதான். ஆயுள் முழுதும் கண்ணாடி கழற்றித் தைத்தவருக்குத் தூரத்துக்கு லென்ஸ் வைத்துவிட்டு, "பார்வை ஆறுக்கு ஆறு" என்று கொப்பியில் எழுதி அனுப்பினால், வீட்டில் வந்து ஊசி கோர்க்க முடியாமல் அழுவார். கொப்பியின்படி எல்லாம் வெற்றி! அம்மா தைக்கும்போது கண்ணுக்கும் ஊசிக்கும் உள்ள தூரத்தை அவருடைய அளவு நாடாவாலேயே அளந்து கொண்டுபோய் டொக்டரிடம் சொல்லுங்கள்.

மல்டிபோக்கலுக்கு வருகிறேன். அது மோசமான லென்ஸ் இல்லை. சரியான ஆளுக்கு வைத்தால் மிகவும் சந்தோஷப்படுவார். ஆனால் அது வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். வரும் ஒளியைப் பிரித்து ஒரு பங்கைத் தூரத்துக்கும் ஒரு பங்கைக் கிட்டத்துக்கும் கொடுக்கிறது. ஆகவே எந்தத் தூரத்திலும் முழு ஒளி இல்லை. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தைப்பதுபோல, நிறங்களுக்கிடையில் வித்தியாசம் குறைந்த இடங்களில் தெளிவு குறையும். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். சிலருக்கு மாதங்கள் போகப் பழகிவிடும், சிலருக்குப் பழகவே பழகாது. விழித்திரை நல்ல நிலையில் உள்ளவருக்கு இந்த இழப்பு தாங்கக்கூடியது. சீனி வருத்தக்காரருக்கு இன்றைக்கு விழித்திரை நன்றாக இருந்தாலும் பத்து வருடத்தில் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. விழித்திரை கொஞ்சம் பழுதானால் தெளிவு ஏற்கெனவே குறையும், அதற்கு மேல் லென்ஸும் ஒளியைப் பங்கு போட்டால் அம்மா கஷ்டப்படுவார். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். மாமாவின் காசைக் கண்டு பொறாமை இல்லை.

டோரிக் லென்ஸ் வேறு கதை. கருவிழி ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் வளைந்திருந்தால், கண்ணாடிச் சீட்டில் சிலிண்டர் என்று எழுதுவார்களே, அதை ஈடுசெய்வது. அளவில் ஒன்றரை டயொப்டருக்கு மேல் சிலிண்டர் வந்தால் டோரிக் பற்றிக் கேட்பது நியாயம், அதற்குக் கொடுக்கும் காசு வீணில்லை. ஆனால் அது சரியான கோணத்தில் உட்காரவேண்டும். பத்துப் பாகை திரும்பினால் பலனில் மூன்றிலொன்று போய்விடும், முப்பது பாகை திரும்பினால் வைத்ததே வீண். மஞ்சள் நிறம் பூசிய லென்ஸ் விழித்திரையைக் காப்பாற்றும் என்று கூடுதல் விலை சொன்னால், அதற்கு வலுவான சான்று இல்லை என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இனி அரசாங்க லென்ஸ், மலிவு லென்ஸ் என்ற பயம். ஒருகாலத்தில் லென்ஸ் எல்லாம் மேற்கு நாடுகளிலிருந்து வந்தது, விலை ஏழைக்கு எட்டாது. மதுரையில் 1976இல் டொக்டர் வெங்கடசாமி பதினொரு கட்டிலோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் ஒரோலாப் என்ற சொந்தத் தொழிற்சாலையில் லென்ஸ் செய்ய ஆரம்பித்தது. நேபாளத்திலும் எரித்திரியாவிலும் அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த கண் மருத்துவர் பிரெட் ஹொலோஸ் பெயரிலுள்ள அமைப்பு லென்ஸ் ஆய்வுகூடங்களை அமைக்க உதவியது. விலை சரிந்தது இப்படித்தான், தரத்தைக் குறைத்ததால் அல்ல. விலைக்குப் பின்னால் பல சமயம் இருப்பது விளம்பரச் செலவும் பெயரும். லென்ஸ் மடியக்கூடியதா, கெட்டியானதா என்பது ஒபரேஷன் முறையைப் பொறுத்தது. ஒலி அதிர்வால் புரையைக் கரைத்து உறிஞ்சும் முறையில் வெட்டு மூன்று மில்லிமீற்றருக்கும் குறைவு, அதற்குள்ளால் மடிந்த லென்ஸ் போகவேண்டும். புரை கடினமாகிவிட்டால் ஆறேழு மில்லிமீற்றர் வெட்டில், தையலில்லாமலே, கையால் எடுக்கும் முறை இருக்கிறது. அதில் ரிட்லி வைத்த அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த கெட்டி லென்ஸைப் பல இடங்களில் இன்னும் வைக்கிறார்கள், அது அருமையாக வேலை செய்கிறது.

பொருளில் நான் ஒன்றை மட்டும் கேட்பேன். சீனி வருத்தக்காரருக்குப் பிற்காலத்தில் விழித்திரை ஒபரேஷன் தேவைப்படலாம். அதில் சிலிக்கோன் எண்ணெய் நிரப்ப நேர்ந்தால், சிலிக்கோனில் செய்த லென்ஸில் அந்த எண்ணெய் ஒட்டிக்கொண்டு பார்வையைக் கெடுக்கும். ஆகவே சிலிக்கோன் லென்ஸ் வேண்டாம். இப்போது பெரும்பாலும் வருவது அக்ரிலிக்தான் என்றாலும் கேட்டு வைப்பதில் நட்டமில்லை.

அதைவிட முக்கியம், ஒபரேஷனுக்கு முன் கண்மணியை விரியச் செய்து விழித்திரையைப் பார்க்கவேண்டும். பார்வையின் நடுப்பகுதியில் நீர் கோர்த்திருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். இல்லாவிட்டால் லென்ஸ் எவ்வளவு நன்றாக உட்கார்ந்தாலும் பார்வை எதிர்பார்த்தபடி வராது, சனமும் லென்ஸைத்தான் திட்டும். மாமாவிடம் காசு வாங்குவதென்றால், அந்த விழித்திரை ஸ்கான் எடுக்க வாங்குங்கள்.

எத்தனை வருடம் உழைக்கும்? ஆயுளுக்கும். மாற்றத் தேவையில்லை. "லென்ஸ் பழுதாப் போச்சு, திரும்பப் புரை வந்திட்டுது" என்று சிலர் சில வருடங்களில் வருவார்கள். பெரும்பாலும் பழுதாவது லென்ஸ் இல்லை. அதைத் தாங்கும் பையின் பின்பக்கம் மங்குகிறது. யாக் லேசரால் அந்த இடத்தில் சிறிய வாசல் திறந்துவிடுவார்கள். சில நிமிட வேலை, வெட்டுக் கிடையாது.

2023இல் நுவரெலியாவில் ஒபரேஷனுக்குப் பின் சிலருடைய பார்வை பாதிக்கப்பட்ட செய்தியைக் கேட்டு அம்மா பயந்திருக்கலாம். அங்கே சந்தேகத்துக்குள்ளானது இறக்குமதியான ஒரு சொட்டு மருந்து, லென்ஸ் அல்ல. ஆனாலும் சொட்டு மருந்து விஷயத்தில் கவனம் தேவை. கையைக் கழுவிவிட்டு விடுங்கள், போத்தல் முனை இமையில் படக்கூடாது, அயல் வீட்டார் மிச்சம் வைத்ததை வாங்கி விடாதீர்கள். முதல் சில நாட்களில் நோ கூடினாலோ, கண் சிவந்தாலோ, தெரிந்த பார்வை குறைந்தாலோ அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கவேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவானாலும் போங்கள். கடல் குளிப்பு, கன்னியாத் தீர்த்தம் எல்லாம் டொக்டர் சரி சொல்லும்வரை இல்லை.

லென்ஸ் பெட்டியில் ஒட்டுச்சீட்டு இருக்கும்: பவர், மாதிரி, தொடர் இலக்கம். அதைக் கிளினிக் கொப்பியில் ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்து, போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். நாலைந்து கிழமையில் கண் ஆறியதும் கண்ணாடிக்குச் சோதிப்பார்கள். மிஞ்சிய பவர் எவ்வளவு என்று அப்போது தெரியும். இடக்கண்ணுக்கு என்ன பவர் வைப்பது என்பதை அந்த எண்ணைப் பார்த்துத்தான் தீர்மானிக்கவேண்டும். ஆகவே இரண்டாவது கண்ணை வேறு இடத்தில் செய்வதானாலும் அந்தக் கொப்பியைக் கட்டாயம் கொண்டுபோங்கள்.